கைராசிக்காரி

ஊசி போடும்போது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அப்படிச் செய்தால் வலி தெரியாது. இருபது வருட நர்ஸ் வேலையில் நான் கற்றுக்கொண்ட சூட்சுமம் அவ்வளவுதான். ஆனால் ஜனங்கள் அதை அப்படிச் சொல்வதில்லை. அறிவுச்செல்விக்குக் கைராசி என்பார்கள். எங்கள் நரம்பியல் ஆஸ்பத்திரியில் என்னைத் தவிர இன்னும் நான்கு நர்ஸ்கள் உண்டு. சாணார்பட்டியிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள், நான் சாப்பிடப் போயிருந்தால் திரும்பி வரும்வரை வேறு யாரிடமும் கையை நீட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

நீங்கள் கேட்ட கருப்பணன் விஷயம் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

போன வருடம் ஒரு கம்பெனி, நடுக்குவாதத்துக்கான புது மாத்திரையைச் சோதித்துப் பார்க்க எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தது. பார்க்கின்சன் என்று டாக்டர்கள் சொல்வது இந்த நோயைத்தான். இருபது நோயாளிகளில் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு டம்மி. இரண்டும் ஒரே வெள்ளை நிறம், ஒரே அளவு. டம்மியில் இருப்பது வெறும் மாவு. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஏற்கெனவே சாப்பிட்டுவரும் மஞ்சள் மாத்திரையை மட்டும் எல்லோரும் விடாமல் சாப்பிட வேண்டும்.

கருப்பணன் வடமதுரை மண்டியில் தக்காளி ஏலம் கூறியவர். இந்த நோயில் கை மட்டும் நடுங்குவதில்லை, குரலும் சுருங்கிவிடும். ஏலம் கூறுகிறவரின் குரல் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்கவில்லை என்றால் மண்டிக்காரர்கள் என்ன செய்வார்கள், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மகள் மணிமேகலைதான் தோளில் தாங்கி அழைத்து வருவாள். என்னைப் பார்த்தால் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்.

"ஒரே ஒரு நாளு மண்டியில நின்னு கூறிப்புடணும் தாயி."

மாத்திரையை வேறு யார் கையிலும் வாங்க மாட்டார். மூன்றாம் மாதம் ஒரு நாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் மகள் தோளை விட்டுவிட்டு நின்று, "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கூவினார். தெருவில் போனவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். நான் மருந்து அறைக்குள் போய் அழுதேன்.

சோதனை முடிந்ததும் கம்பெனியிலிருந்து பட்டியல் வந்தது. கருப்பணனுக்குக் கொடுத்தது டம்மி.

டாக்டர் பிராங்க்ளின் இதில் ஆச்சரியப்படவில்லை. "இந்த நோயில இப்படி நடக்கும் சிஸ்டர். குணமாகும்னு நம்பினாலே, குறையுற ரசாயனத்தை மூளையே கொஞ்சம் சுரந்துக்கும். ஆனா ரொம்ப நாள் நிக்காது. மஞ்சள் மாத்திரை உள்ள போகுதுல்ல, அதுதான் அவரைத் தாங்குது" என்றார்.

பின்பாதி என் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. நம்பினாலே என்றாரே, யாரை நம்பினார் என்று டாக்டர் யோசிக்கவில்லை. மாவையா நம்பினார்?

மீந்த டம்மி டப்பாக்களை எரித்துவிட்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எரிக்கவில்லை. வீட்டு பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன்.

மஞ்சள் மாத்திரையைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதை வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களை நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை. உடம்பு தன்னால் முறுக்கிக்கொள்ளும். கருப்பணனுக்குச் சுவரெல்லாம் எறும்பு ஊர்வதாகத் தெரியும், துண்டால் தட்டிக்கொண்டே இருப்பார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. என் கையால் கொடுத்த மாவே குரலைத் திருப்பிக் கொடுத்ததென்றால் இந்த அவஸ்தை எதற்கு? அடுத்த முறை வந்தபோது, அவரிடமிருந்த மஞ்சள் டப்பாவை வாங்கிக்கொண்டு வெள்ளை டப்பாவைக் கொடுத்தேன். டாக்டர் மாற்றச் சொன்னார் என்றேன். முதல் மாத்திரையை நானே அவர் வாயில் போட்டேன்.

முதல் நாள் நன்றாக இருந்தார். இரண்டாம் நாள் மண்டி வாசல்வரை நடந்து போனாராம். மூன்றாம் நாள் பேச்சில்லை. நாலாம் நாள் காலையில் மணிமேகலை போன் செய்தாள்.

"அக்கா, அப்பா பலகையாட்டம் கெடக்காரு. காச்ச கொதிக்குது. கஞ்சித் தண்ணிகூட எறங்கல. பழைய மாத்திரை நாலு வீட்டுல கெடக்கு, குடுக்கட்டா?"

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னை இரண்டு முறை நிறுத்திக் கேட்டீர்கள். ஆமாம், கொடு என்று சொல்லியிருக்கலாம். மஞ்சள் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு இப்படித்தான் இறுகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைக் கொடுத்து அவர் எழுந்துவிட்டால், என் கைக்கு என்ன அர்த்தம்?

"குடுத்துறாத மணி. சந்தேகப்பட்டா மருந்து கேக்காது. செத்த நேரம் பொறு, நான் வாரேன்" என்றேன்.

நான் போனபோது வாசலில் ஆட்டோ நின்றது. அதைத் திருப்பி அனுப்பினேன். அவர் தலையை மடியில் வைத்து, வெள்ளை மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து உதட்டில் விட்டேன். அந்த உடம்பில் அசைந்தது கண் மட்டும்தான். அது என்னையே பார்த்தது. பயந்துபோய்ப் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. சாயங்காலம் மூச்சு நின்றது. மணிமேகலை என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "உங்க கையால தண்ணி குடிச்சிட்டுப் போனாரு, அது போதும்க்கா" என்று அழுதாள்.

நான் அவளிடம் ஒன்றுதான் கேட்டேன். நடுவில் இரண்டு நாளும் மாத்திரையை யார் கொடுத்தது? தான்தான் கொடுத்ததாகச் சொன்னாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. டப்பாவை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பியது என் தவறு. அதை நினைத்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மணிமேகலை நல்ல பெண். காரியம் முடிந்ததும், மீந்த மாத்திரை வேறு யாருக்காவது ஆகட்டும் என்று டப்பாவைக் கொண்டுவந்து நேராக டாக்டரிடமே கொடுத்துவிட்டாள். எரித்துவிட்டதாக நான் எழுதிய டப்பா அது, அவர் போலீசுக்குச் சொல்லிவிட்டார். அதனால்தான் நேற்று மத்தியானம் நீங்கள் என்னைத் தேடி வந்தீர்கள்.

எழுதியதை இப்போது வாசித்துக் காட்டினீர்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, ஓரிடத்தில் மட்டும் திருத்த வேண்டும். மாத்திரையை மாற்றிக் கொடுத்தது 'ஒருவருக்கு' என்று எழுதியிருக்கிறீர்கள். சின்னாளப்பட்டியில் ஒச்சாயி அம்மா இருக்கிறார், அதே ரோட்டில் முகமது பாரூக் அண்ணனும் இருக்கிறார். இரண்டு பேரின் மஞ்சள் மாத்திரையையும் திங்கட்கிழமையே வாங்கி வந்துவிட்டேன். இந்தத் தடவை டப்பாவை அவர்கள் வீட்டில் விடவில்லை. தினமும் காலையில் வண்டியில் போய், நேற்று வரை நானே கொடுத்தேன்.

இன்று வியாழக்கிழமை, நாலாம் நாள். மணி ஒன்பதாகப் போகிறது. நீங்கள் காட்டுகிற இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுகிறேன். முதலில் என்னை அங்கே கொண்டுபோய் விடுங்கள். இன்றைக்குப் போய் வேறு யாராவது அவர்களுக்கு மாத்திரையைக் கொடுத்துத் தொலைத்தால், அந்தப் பாவத்துக்கு நான் பொறுப்பில்லை.