கள்ளப்பல்

ஐயா, பென்சிலை நான் பிளேடால்தான் சீவுவேன். ஷார்ப்பனரில் திருகினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் நாலு கோடு போடுவதற்குள் முனை மழுங்கிவிடும். அரசாங்க ஆபீஸில் பத்தொன்பது வருஷமாக டிராப்ட்ஸ்மேனாக இருக்கிறேன். ஆற்று மதகு, கால்வாய்ப் பலகை, அதைத் தூக்கி இறக்கும் திருகு என்று எத்தனையோ படம் போட்டிருக்கிறேன். அளவு தப்பு என்று ஒரு படம் திரும்பி வந்ததில்லை. இன்று லீவு போட்டுவிட்டு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்ததும் அதற்காகத்தான். பொருட்காட்சியில் கூண்டு விழுந்ததைப் பேப்பரில் 'இயந்திரக் கோளாறு' என்று போட்டிருக்கிறார்கள். அதில் கோளாறு ஒன்றும் இல்லை. படத்தில் நான் போட்டபடிதான் அந்தச் சக்கரம் வேலை செய்தது.

லேத்துப் பட்டறை தாஜ் முகம்மதுவையும், கூண்டுக் கதவில் நின்ற கருத்தையாவையும் பிடித்து வைத்திருக்கிறீர்கள். இருவரையும் விட்டுவிடுங்கள். அவர்கள் சொன்ன வேலையைச் செய்தவர்கள்.

முதலிலிருந்து சொல்கிறேன். கொஞ்சம் சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும், சிரிக்காமல் கேட்க வேண்டும். தொண்ணூற்று மூன்றில், முருகன்குறிச்சியில் ஜாஸ்பர் என்ற பாங்க் கிளார்க் வீட்டு மாடியில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் மூன்று பேர் கூடுவோம். ஜாஸ்பரின் மைத்துனர் கப்பலில் வேலை பார்த்தார். சிங்கப்பூரிலிருந்து அவர் ஒரு விளையாட்டு வாங்கி வந்திருந்தார். இருபது பக்கம் உள்ள பகடை, ஒரு விதிப்புத்தகம், அவ்வளவுதான். மற்றதை நாமே கற்பனை செய்ய வேண்டும். ஒரு உலகத்தை உண்டாக்கி, அதில் ஆளுக்கு ஒரு இனத்தை எடுத்துக்கொண்டு நடத்த வேண்டும். மூன்றாவது ஆள் சிவசங்கரன். பள்ளிக்கூடத்திலிருந்து என் கூட்டாளி, டவுனில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். அவன் மனிதர்களை எடுத்துக்கொண்டான், ஜாஸ்பர் வனத்து ஆட்களை எடுத்துக்கொண்டான். மலைக்கு அடியில் வாழும் குள்ளர்கள் மிச்சம். "நீ எடுத்துக்கோலே ஆவுடை. எவனுக்கும் வேண்டாம்" என்றான் சிவசங்கரன்.

அதற்கு முந்தின வருஷம்தான் என் மனைவி பிரம்மநாயகி மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தாள். பிள்ளைகள் இல்லை. ஆபீஸ் விட்டு வந்தால் வீடு வெறிச்சென்று கிடக்கும். நான் குள்ளர்களோடு உட்கார்ந்துவிட்டேன்.

ஏழு லாங்சைஸ் நோட்டு எழுதினேன். ஆறு நோட்டில் அவர்களுடைய இயந்திரங்கள். என் குள்ளர்கள் தண்ணீரால் எல்லாம் செய்வார்கள். மலைக்குள் ஓடும் ஆற்றை மறித்து, அதன் வேகத்தில் துருத்தி ஊதுவார்கள், இரும்பு அடிப்பார்கள். சுரங்கத்தில் ஆள் ஏற்றுவதும் தண்ணீரால்தான். ஒரு வடம், ஒரு சக்கரம். வடத்தின் ஒரு முனையில் ஆள் நிற்கும் கூண்டு, மறுமுனையில் தொட்டி. தொட்டியை நிரப்பினால் அது இறங்கும், கூண்டு ஏறும். மேலே வந்ததும் சக்கரத்தின் பல்லில் ஒரு இரும்பு நாக்கு விழுந்து பிடித்துக்கொள்ளும். அதன்பிறகு தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாலும் கூண்டு அசையாது. சக்கரத்துக்கு இருபத்துநான்கு பல். பேப்பரில் இருபது என்று போட்டிருக்கிறது, அதையும் திருத்தச் சொல்லுங்கள்.

ஏழாவது நோட்டில் வழக்கங்கள். எங்கள் வீட்டுப் பாத்திரம் எல்லாவற்றிலும் பிரம்மநாயகியின் பெயர் வெட்டியிருக்கும், அவள் அப்பா சீராகக் கொடுத்தது. அதைப் பார்த்துத்தான் குள்ளர்களுக்கு ஒரு வழக்கம் எழுதினேன். யாராவது இறந்துபோனால், அடுத்து செய்கிற இயந்திரத்தின் உள்பக்கத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில், அவர் பெயரை வெட்டுவார்கள். அவர்களுடைய முதல் உலைக்குள் பிரம்மநாயகி என்று வெட்டியிருந்தது. ஜாஸ்பர் அதைக் கேட்டுக் கண் கலங்கினான். சிவசங்கரனும் என் தோளைத் தட்டிக்கொடுத்தான். அவனுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

இன்னொரு வழக்கம் கள்ளப்பல். குள்ளக் கொல்லன் எந்த இயந்திரம் செய்தாலும் அதில் ஒரு குறையை வேண்டுமென்றே வைப்பான். படத்திலும் அந்தக் குறையோடுதான் வரைவான். முறையாக வாங்குகிறவன் கொல்லனின் கைமேல் கை வைத்து, 'இதில் என்ன இருக்கிறது?' என்று கேட்க வேண்டும். கேட்டால் சொல்லியே ஆக வேண்டும். கேட்டவனிடம் மறைப்பது அவர்களுக்குள் மகாபாதகம். திருடினவன் கேட்க மாட்டான். குறையைச் சேர்த்துத் திருடுவான், அதோடு போவான். விளையாட்டில் சிவசங்கரனின் ஆட்கள் என்னிடம் எத்தனையோ இயந்திரம் வாங்கியிருக்கிறார்கள். என் கைமேல் கை வைத்து நூறு தடவை கேட்டிருக்கிறான். நான் சொல்கிற பதிலைக் காதில் வாங்க மாட்டான், ஏதோ உபசாரத்துக்குக் கேட்கிற கேள்வி என்று நினைத்துக்கொண்டான். காரணம் ஏழாவது நோட்டில் இருந்தது. அதை அவன் படிக்கவில்லை.

தொண்ணூற்று ஏழில் ஜாஸ்பருக்கு மாற்றல் வந்து ஆட்டம் நின்றது. சிவசங்கரன், "நோட்டெல்லாம் கொடுலே, கரையான் அரிச்சிரப் போவுது, ஜெராக்ஸ் எடுத்துத் தாரேன்" என்று வாங்கிக்கொண்டு போனான். ஏழு நோட்டையும் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து, மேலரதத் தெருவில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் என் குள்ளர்களைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் விளையாட்டு, சி.டி. சென்னையில் யாரையோ பிடித்துச் செய்திருக்கிறான். அட்டையில் அவன் பெயர் மட்டும். சரி, அதைக்கூடப் பொறுத்திருப்பேன். வாங்கி, ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். குள்ளர்கள் குடித்துவிட்டுத் தடுக்கி விழுகிறார்கள். உலையடியில் ஒரு குண்டுப் பொம்பளை, பெயர் பிரம்மி, அகப்பையைத் தூக்கிக்கொண்டு எல்லாரையும் துரத்துகிறாள். ஒவ்வொரு தடவை அவள் விழும்போதும் ஒரு சிரிப்புச் சத்தம்.

அன்றே அவன் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "ஏலே, வியாபாரம்னா நாலு பேரு சிரிக்கணும்லா. வழக்கமெல்லாம் எவனுக்கு வேணும்? மெஷினு போதும். நீ செத்தவளையே நெனச்சிக்கிட்டுக் கெட" என்றான். அவன் மகள் மதுமதி காபி கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டு வந்தேன். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள், என் கோபம் அப்படிப் பழசாகவில்லை. அவன் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. உயிரோடு இருக்க வேண்டும், உருப்படக் கூடாது, அவ்வளவுதான்.

இந்த வருஷம் கோடை லீவில் பொருட்காட்சி போட்டார்கள் இல்லையா, அதில் சி.டி. விற்பதற்காக அவன் 'குள்ளர் சுரங்கம்' கட்டினான். சாரமும் சாக்குத்துணியும் சுண்ணாம்புமாக ஒரு மலை, அதில் நாற்பது அடி ஏறுகிற கூண்டு. நிஜக் கூண்டு, நிஜத் தண்ணீர்த் தொட்டி. என் நான்காவது நோட்டைத் தாஜ் முகம்மது பட்டறையில் கொடுத்துச் செய்ய வைத்தான். தாஜ் எனக்கும் பழக்கம். ஒருநாள் வண்ணார்பேட்டை டீக்கடையில் பார்த்தபோது அவரே சொன்னார். "படத்துல ஏழாவது பல்லு மட்டும் சாஞ்சி கெடக்கே, தப்பாப் போட்டிருக்கோன்னு கேட்டேன் அண்ணாச்சி. 'அதை வரைஞ்ச ஆளு ஒரு நூல் தப்ப மாட்டான்வே, இருக்கபடியே வெட்டும்'னுட்டாரு."

அதைக் கேட்டபோது ஒரு கணம் மனசு இளகிவிட்டது. என்னைப் பற்றி அவன் அப்படிச் சொல்லியிருக்கிறான். தாஜிடம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு டீக்கும் நானே கொடுத்தேன்.

அழைப்பிதழ் கொடுக்கச் சிவசங்கரன் வீட்டுக்கே வந்தான். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்பான் என்று காத்திருந்தேன், சத்தியமாகச் சொல்கிறேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கூண்டுக்கு என்ன பெயிண்ட் அடிக்கலாம் என்று கேட்டான். பச்சை என்றேன்.

இப்போது அந்தப் பல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாரம் கூடினால் வடம் இழுபடும். கூண்டு மேல்தளத்துக்குச் சரியாக வர சக்கரம் இன்னும் ஒரு பல் சுற்ற வேண்டும். நாலு பேர் ஏறினால் நாக்கு ஆறாவது பல்லில் விழும். ஐந்து பேர் என்றால் ஏழாவது. அந்தப் பல் சாய்ந்திருப்பதால் நாக்கு பிடித்ததுபோல நிற்கும். தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டதும் முழுப் பாரமும் அதன்மேல் வரும், அப்போது வழுக்கிவிடும். படத்தில் 'ஆள் நான்கு' என்று எழுதியிருக்கிறேன். பேராசைக்காரன் ஐந்தாவது ஆளை ஏற்றுவான், அதுதான் அவனுக்குத் தண்டனை.

தினமும் சாயங்காலம் ஆபீஸ் விட்டுப் பொருட்காட்சிக்குப் போனேன். எதிரே மிளகாய் பஜ்ஜிக் கடைப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். கூட்டம் அள்ளியது. சிவசங்கரன் மேல்தளத்தில் நின்று தானே நாக்கைப் போடுவான், தொட்டித் தண்ணீரைத் திறந்துவிடும் கயிற்றையும் தானே இழுப்பான். கீழே கதவில் கருத்தையா. பத்து நாள் பார்த்தேன். ஒரு நடைகூட ஐந்து பேர் ஏற்றவில்லை. என் படத்தில் எழுதியிருந்ததை அவன் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தான். எனக்கு அதுதான் தாங்கவில்லை. திருடனுக்கு இவ்வளவு ஒழுங்கு எதற்கு?

பதினோராவது நாள் ஞாயிற்றுக்கிழமை. பஜ்ஜிக் கடைக்கு மதுமதி வந்தாள். ஆறாம் வகுப்பு போகப் போகிறவள், பாவாடை சட்டை, இரட்டைப் பின்னல். "மாமா, தெனமும் வந்து பாக்கியளே, ஒருநாளும் ஏறலையே" என்றாள். நான் பார்த்துக்கொண்டிருப்பதை அவள் பார்த்திருக்கிறாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கைமேல் கையை வைத்தாள்.

"இதில் என்ன இருக்கிறது?" என்றாள். குள்ளர்கள் கேட்கிற மாதிரியே, ஒவ்வொரு சொல்லாக.

"யாரும்மா சொல்லிக் கொடுத்தா?"

"ஏழாவது நோட்டு எங்க வீட்லதான் கெடந்துச்சி. லீவுல முழுசும் படிச்சேன். பேரு வெட்டுறதெல்லாம் நல்லா இருந்துச்சி மாமா. அப்பா அதெல்லாம் வைக்காம விட்டுட்டாவ. இந்தக் கூண்டுலயும் கள்ளப்பல்லு இருக்கா?"

நான் ஐந்து வருஷம் எழுதினதை முழுசாகப் படித்த ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான். வழக்கப்படி கேட்டுவிட்டாள். சொல்லியே ஆக வேண்டும். வாய் திறந்துவிட்டேன், ஐயா. அந்த நேரம் பார்த்து மேலே ஒலிபெருக்கியில் சி.டி. விளம்பரம் போட்டார்கள். பிரம்மி அகப்பையோடு விழுந்தாள், அந்தச் சிரிப்புச் சத்தம் வந்தது, வரிசையில் நின்ற அத்தனை பேரும் கூடச் சிரித்தார்கள். மேல்தளத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிவசங்கரனும் சிரித்தான்.

"இல்லம்மா. இதுல ஒண்ணும் இல்ல. நீ போய் ஏறு" என்றேன்.

கூண்டில் ஏற்கெனவே நாலு பேர் நின்றார்கள். முக்கூடலிலிருந்து வந்த ஒரு குடும்பம் என்று பிற்பாடுதான் தெரிந்தது. கருத்தையா கதவைச் சாத்தப் போனார். அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நானே போனேன்.

"நாலு பேருக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு மொதலாளி சொல்லியிருக்காவ அண்ணாச்சி" என்றார்.

"மொதலாளி மவதானவே. சின்னப்பிள்ள என்ன பாரம் இருந்திரப் போவுது?"

கருத்தையா ஒதுங்கிக்கொண்டார். படி அவளுக்கு உயரம். இடுப்பைப் பிடித்துத் தூக்கி நான்தான் உள்ளே விட்டேன். இருபத்தைந்து கிலோ இருப்பாள். ஒரு பல் நகர அது போதும் என்று தூக்கும்போதே கைக்குத் தெரிந்தது. கூண்டு ஏறியது. சிவசங்கரன் நாக்கைப் போட்டான். உள்ளே மகளைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, தண்ணீர்க் கயிற்றை இழுத்தான்.

ஐந்து உயிர், ஐயா, எனக்குக் கணக்குத் தெரியும். அவன் இருக்கிறான். இன்னும் முப்பது வருஷம் இருப்பான். கேட்டவளிடம் நான் மறைத்தேன், அது பாதகம்தான். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். மற்றதெல்லாம் வழக்கப்படிதான் நடந்தது.