மண் வண்டியின் சென்சார்

குட்டி: அண்ணே, நீங்க போன்ல அனுப்பின படத்துல இருக்கறதைச் சொல்லாதீங்க, கையில இருக்கற சென்சாரைப் பார்த்துச் சொல்லுங்க. அது மேல என்ன போட்டிருக்கு?

கடைக்காரர்: கண்ணாடியப் போட விடும்மா... ம்... அழுத்தம் இருநூத்தம்பது 'பார்' வரைக்கும்னு போட்டிருக்கு.

குட்டி: வயர் மாட்டற பின்னு மூணா, நாலா?

கடைக்காரர்: மூணு.

குட்டி: அஞ்சு வோல்ட்ல ஓடுமா?

கடைக்காரர்: அதை நான் நக்கியா பார்க்க முடியும்? மண் தோண்டுற வண்டில இருந்து நேத்து கழட்டினது. வண்டி கவுந்துதான் கடைக்கு வந்துச்சு. ஆனா சென்சாருல ஒரு கீறல் இல்ல.

அண்ணி: கவுந்த வண்டியோடதா? நமக்குப் பொருத்தமாத்தான் பார்த்திருக்க.

கடைக்காரர்: யாரும்மா அது நடுவுல?

குட்டி: எங்க அண்ணி. போன் ஸ்பீக்கர்ல இருக்கு.

கடைக்காரர்: ரேஸ் காருக்குன்னு சொன்னியே, அதுக்குன்னு கம்பெனி சாமான் வருமே. அதையே வாங்கிட வேண்டியதுதானே?

குட்டி: அவங்க சொல்ற விலைக்குப் பாதி என்ஜினை மாத்திடலாம். அதுவும் இன்னைக்கு ஆர்டர் போட்டா அடுத்த மாசம்தான் வரும். பந்தயம் இந்த ஞாயித்துக்கிழமை. பிரேக் ஆயில் எவ்வளவு அழுத்தத்துல போகுதுன்னு அளந்து லேப்டாப்புக்குச் சொல்லணும், அவ்வளவுதான் வேலை. அதைத் தங்கத்துலயா செய்யறாங்க?

கடைக்காரர்: சரிதான். ஆனா ரேஸ் காருன்னா விலை கொஞ்சம்...

அண்ணி: ஆரம்பிச்சுட்டாரு! ரேஸ் கார்னு காதுல விழுந்ததும் இவருக்கு முன்னாடி விலை ஓடுது பாரு.

கடைக்காரர்: அதில்லம்மா...

அண்ணி: அதேதான். மண் வண்டிக்காரர் வந்து கேட்டா என்ன சொல்வீங்களோ, அதைச் சொல்லுங்க.

கடைக்காரர்: பேசறது யாரு, கார் ஓட்டறவரோட சம்சாரமா?

அண்ணி: ஓட்டறதே நான்தான்.

கடைக்காரர்: நீங்களா!

அண்ணி: ஏன், ஸ்டீயரிங்ல ஆம்பளைக்கு மட்டும்னா எழுதியிருக்கு?

கடைக்காரர்: கோவிச்சுக்காதீங்கம்மா. மண் வண்டி விலைக்கே தரேன். இன்னைக்கே பார்சல்ல போட்டு விடறேன். வேலை செய்யலேன்னா திருப்பி அனுப்புங்க.

குட்டி: வேலை செய்யலேன்னா அண்ணியையே அனுப்பி வைக்கறேன்.

கடைக்காரர்: ஐயோ வேணாம், சென்சாரே வரட்டும்.

* * *

குட்டி: பிரேக் பெடலை அமுக்குங்க.

அண்ணி: அமுக்கிட்டேன்.

குட்டி: பிடிங்க... பிடிங்க... காத்து வருது... ம், விடுங்க.

அண்ணி: இன்னும் எத்தனை தடவைடி? சீட்ல உக்கார வெச்சே ஆளை இளைக்க வெச்சிடுவ போல.

குட்டி: புது சென்சாரை மாட்டினப்ப பைப்புல காத்து புகுந்திருச்சு, அது வெளிய போகணுமில்ல? நான் சக்கரத்துக்கிட்ட படுத்துக்கிட்டு நட்டைத் திறக்கறேன், மூடறேன், மூஞ்சியெல்லாம் ஆயில். உங்களுக்கு சொகுசா சீட்டு. அமுக்குங்க.

அண்ணி: மரை சேர்ந்துச்சா? மண் வண்டியோடது பெருசா இருந்துச்சே.

குட்டி: நடுவுல போட ஒரு துண்டு லேத்துல கடைஞ்சு வாங்கினேன். ஒரு சொட்டு ஒழுகல. பிடிங்க... விடுங்க.

அண்ணி: உங்க அண்ணன் எங்க?

குட்டி: டயர் வாங்கப் போயிருக்கான். வந்ததும் லேப்டாப்ல பிரேக் அழுத்தம் காட்டற கோட்டைப் பார்க்கணும்னான்.

அண்ணி: கோடு, கோடு! கட்டின பொண்டாட்டி வாய் கிழியப் பேசினாலும் காதுல ஏறாது. லேப்டாப் ஒரு கோடு போட்டா வேதவாக்கு.

குட்டி: கோடு இறங்கிக் கிடந்துச்சே அண்ணி. போன பந்தயத்துல, அந்தக் கடைசி வளைவுல எண்பது வர வேண்டிய இடத்துல நாப்பது. கார் நேராப் போய் ஓரமா அடுக்கியிருந்த டயர் சுவத்துல...

அண்ணி: சரி சரி, இடிச்சது நான்தான், எனக்கே கதை சொல்லாத. இடிச்சதுகூட வலிக்கலடி. அத்தனை பேர் முன்னாடி உங்க அண்ணன் "பயந்துட்டா, சரியா அமுக்கல"ன்னாரே... எனக்குப் பயமாம்! கல்யாணமான புதுசுல இவர் பைக்ல பின்னாடி உக்காந்து போனவடி நான். அதுக்கு மேல என்ன பயம் இருக்கு?

குட்டி: சிரிக்க வைக்காதீங்க, ஆயில் கண்ணுல தெறிக்குது. அமுக்குங்க.

அண்ணி: இப்ப அவரோட சிநேகிதன் ஒருத்தனை ஓட்டச் சொல்லலாம்னு யோசிக்கறாராம். என் சீட்ல! என் அளவுக்குன்னு செஞ்ச சீட்டுடி இது.

குட்டி: அதான் பழைய சென்சார் கெட்டுப் போச்சுன்னு அண்ணன்கிட்ட சொன்னேன். சரி, புதுசைப் போட்டுப் பார்த்துட்டு முடிவு பண்றேன்னான். எண்பது வந்தா ஞாயித்துக்கிழமை சீட்டு உங்களுது.

அண்ணி: கெட்டுத்தானே போச்சு?

குட்டி: ம்... ஆமா. பின்ன? பிடிங்க... விடுங்க.

அண்ணி: என்னடி இழுக்கற?

குட்டி: ஒண்ணுமில்ல. அது சரி, பாத்ரூம்ல இருந்த எடை மெஷின் எங்க? ஒரு வாரமா ஆளையே காணோம்.

அண்ணி: உங்க அண்ணன்தான் ஒளிச்சு வெச்சிருப்பார். அந்தத் தொப்பைக்கு அதுவே எழுந்து ஓடியிருந்தாலும் ஓடியிருக்கும்.

குட்டி: அண்ணி... நீங்க மாடிப்படி ஏறறப்ப கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு ஏறறீங்க.

அண்ணி: நீ நட்டைப் பாரு.

குட்டி: போன பந்தயத்துக்கு முன்னாடி இங்க ஆயில்ல வழுக்கி விழுந்தீங்களே... அந்த வலது முட்டி...

அண்ணி: நட்டைப் பாருன்னேன்ல.

குட்டி: பார்த்துட்டேன், இறுக்கிட்டேன். காத்து சுத்தமா போயிடுச்சு. இப்ப லேப்டாப் முன்னாடி நிக்கறேன். கடைசி வளைவு வருதுன்னு நெனச்சுக்கிட்டு ஒரே அமுக்கு.

அண்ணி: இந்தா!

குட்டி: இருங்க, நம்பர் வரட்டும்.

அண்ணி: என்னடி, எவ்வளவு?

குட்டி: நூத்தி அறுபது.

அண்ணி: நிறையத்தானே காட்டுது? சந்தோஷப்படு.

குட்டி: என்னத்த சந்தோஷப்பட? இந்த வண்டில எண்பதைத் தாண்டறதே அபூர்வம். எங்க, இன்னொரு தடவை...

அண்ணி: இந்தா.

குட்டி: நூத்தி அறுபத்திரண்டு. ஐயய்யோ...

அண்ணி: அப்போ என்னைக் கடைக்காரர்கிட்ட அனுப்ப வேண்டியதுதான்.

குட்டி: சென்சார் மேல தப்பில்ல. அண்ணி... திட்டாதீங்க.

அண்ணி: திட்டற மாதிரி என்ன செஞ்சு வெச்ச?

குட்டி: லேப்டாப்ல கணக்கை மாத்திட்டேன். எது வந்தாலும் ரெண்டு மடங்காக் காட்டும். நீங்க நாப்பது அமுக்கினா எண்பதுன்னு.

அண்ணி: அடிப்பாவி!

குட்டி: வேற என்ன செய்யச் சொல்றீங்க? பழைய சென்சார் கெடவே இல்ல. கை பம்புல மாட்டி, மீட்டரைப் பக்கத்துல வெச்சுப் பார்த்தேன், ரெண்டும் ஒண்ணையே சொல்லுது. அன்னைக்கு நீங்க நிஜமாவே நாப்பதுதான் அமுக்கியிருக்கீங்க. அந்த முட்டியால அதுக்கு மேல முடியல. ஆனா இந்த சீட்ல இன்னொருத்தன் உக்காரறதைப் பார்க்க எனக்கு மனசு வரல அண்ணி...

அண்ணி: அதனால பொய்க் கோடு போட்டு என்னை மறுபடியும் டயர் சுவத்துக்கு அனுப்பப் பார்த்தியா?

குட்டி: நீங்க... கொஞ்சம் மெதுவாப் போனா சமாளிச்சிடலாம்னு...

அண்ணி: மெதுவாப் போக நான் எதுக்குடி? அதுக்கு உங்க அண்ணனே போதுமே!

குட்டி: அழுகை வருது எனக்கு.

அண்ணி: அழு. அழுதுகிட்டே கேளு. பழசு நல்லாத்தான் இருக்குன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். என் கால் என்ன அமுக்குச்சுன்னு எனக்குத் தெரியாதா?

குட்டி: தெரியுமா! அப்புறம் எதுக்கு என்னை ஊர்ல இருக்கற பழைய இரும்புக் கடையெல்லாம் அலைய விட்டீங்க?

அண்ணி: நீ சென்சார் தேடற வரைக்கும் அவர் சீட்டை யாருக்கும் கொடுக்க மாட்டார். எனக்கு நாள் வேண்டியிருந்துச்சு.

குட்டி: நாளா, எதுக்கு?... இருங்க. ரெண்டு மடங்கு கணக்குல நூத்தி அறுபதுன்னா... நீங்க நிஜமா எண்பது அமுக்கியிருக்கீங்க!

அண்ணி: முதல்ல கணக்கை நேராக்கு. எனக்குச் சேர வேண்டியது வந்தா போதும்.

குட்டி: ஆக்கிட்டேன். இப்ப அமுக்குங்க.

அண்ணி: இந்தா!

குட்டி: எண்பத்தொண்ணு! சத்தியமா எண்பத்தொண்ணு! அந்த முட்டிய வெச்சுக்கிட்டு எப்படி அண்ணி? சீக்கிரம் சொல்லுங்க, வாசல்ல அண்ணன் வண்டிச் சத்தம் கேக்குது.

அண்ணி: வரட்டும், முட்டியப் பத்தி அவர்கிட்ட நானே சொல்லிக்கறேன். நீ இங்க வந்து குனிஞ்சு பாரு, பெடல் மேல இருக்கறது எந்தக் கால்னு. இந்த வண்டில கிளம்பறப்ப மட்டும்தானே கிளட்சு, மத்தபடி இந்த இடது கால் சும்மாத்தானே தூங்கிட்டிருந்துச்சு? உன் எடை மெஷின் என் கட்டிலுக்கு அடியில இருக்கு. தினம் மத்தியானம் கதவைச் சாத்திக்கிட்டு, அதைச் சுவத்துல சாய்ச்சு வெச்சு, இடது காலால மிதிச்சு மிதிச்சு இந்த பலத்தைக் கொண்டு வந்தேன்... எடுத்துட்டுப் போய் பாத்ரூம்லயே வை, எனக்கு வேலை முடிஞ்சிடுச்சு.