பதினொரு வினாடி

இந்த விசாரணை அறை நாற்காலியை யார் வாங்கினாங்களோ தெரியலை சார், உட்கார்ந்தா முதுகு பிடிச்சுக்குது. குறை சொல்றேன்னு நினைக்காதீங்க. உட்கார்ற இடத்தைப் பத்தின்னா மட்டும் எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். மத்தபடி நான் அதிகம் பேசாத ஆள்னு இப்போ எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு.

முதல்ல எங்க பந்தயத்தைச் சொல்லிடறேன். ஆறு மணி நேர ஓட்டம். ஒரு காரை ரெண்டு பேர் மாத்தி மாத்தி ஓட்டுவாங்க. எங்க கார்ல ஒருத்தர் முதலாளியோட பையன், அவரை யாரும் மாத்த மாட்டாங்க. ஒரே பாதையில மூணு வகுப்புக் கார் ஓடும். முதல் வகுப்புக் கார் வர்ற வேகத்துக்கு, கடைசி வகுப்புல இருக்கிற எங்க காரை யாரோ நிறுத்திட்டுப் போன மாதிரி இருக்கும். அவங்க பரிசு வேற, எங்க பரிசு வேற, ஆனா ரோடு ஒண்ணுதான். அதனால எங்க ஓட்டுநருக்கு முன்னாடி என்ன இருக்குன்னு தெரியறதைவிட, பின்னாடி என்ன வருதுன்னு தெரியணும். அதைச் சொல்ல, பாதை முழுக்கத் தெரியற உயரமான மேடை மேல ஒருத்தர் ரேடியோவோட நிப்பார். அது நான். காருக்குள்ள இருக்கிறவர் என் தங்கை வீட்டுக்காரர். இருந்தவர்னு சொல்லணும், இன்னும் பழகலை.

அந்தக் காரைப் பதினாலு வருஷம் ஓட்டினது நான்தான். போன வருஷம் முதலாளி கூப்பிட்டு, "ஒரு சுத்துக்கு ஒன்றரை வினாடி பின்தங்குறீங்க. ஆனா கண்ணு இன்னும் கூர்மையா இருக்கு. ரேடியோவைப் பார்த்துக்குங்களேன்"னார். என் இடத்துக்கு மாப்பிள்ளை வந்தார். தங்கையை அவருக்குக் கட்டிக்கொடுத்ததும் நான்தான், அவரை அந்தக் கேரேஜ்ல மெக்கானிக்கா சேர்த்துவிட்டதும் நான்தான். எடுத்த நல்ல காரியத்தை நான் பாதியில விட்டதே இல்லை.

எங்க தொழில்ல ஒரு வழக்கம். ஓட்டுநரோட முதுகுக்கு அச்சு எடுத்து, நுரையில ஒரு மெத்தை செஞ்சு சீட்டுக்குள்ள வைப்பாங்க. அது வேற யார் முதுகுக்கும் சேராது. என்னோடதை மாப்பிள்ளை தூக்கிப் போடலை, பத்திரமா வச்சிருந்தார். மத்தியானம் சாப்பிட்டுட்டு கேரேஜ்ல கொஞ்சம் சாயறதுக்கு. கத்தியால ரெண்டா வெட்டி, தலைக்கு ஒண்ணு, இடுப்புக்கு ஒண்ணு. "மச்சான், உங்க முதுகு மாதிரி சுகம் எதுலயும் வராது"ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், மத்தவங்களைவிடக் கொஞ்சம் அதிகமாவே. அவர் விளையாட்டுப் பிள்ளை, மனசுல ஒண்ணும் கிடையாது. இதுதான் காரணம்னு எழுதிடாதீங்க. ரெண்டு துண்டு நுரைக்காக யாராவது அப்படிச் செய்வாங்களா.

காரணம் அவர் போட்ட சட்டம். முதல் நாளே சொல்லிட்டார். "மச்சான், காதுல தொணதொணன்னு பேசாதீங்க. பின்னாடி கார் வந்தா மட்டும் எந்தப் பக்கம்னு சொல்லுங்க. நீங்க பேசலைன்னா ரோடு காலின்னு எடுத்துக்கறேன்." மத்த ஆளுங்களுக்குக் காலியா இருந்தாலும் காலின்னு சொல்லணும். இவருக்கு அது எரிச்சல். வீட்டு மாப்பிள்ளை சொன்னா மறுத்துப் பேச முடியுமா?

அன்னைக்குப் பந்தயம் நடந்த பாதையில, கடைசி வளைவுக்கு முன்னாடி வர்ற நேர் ரோடு கிழக்கே பார்த்துப் போகும். சாயங்காலம் நாலரைக்கு மேல அரைமணி நேரம் வெயில் முதுகுப் பக்கமிருந்து நேரா, பின்னாடி பார்க்கிற கண்ணாடியில விழும். யானை வந்தாலும் தெரியாது. பதினாலு வருஷம் அந்த வெயில்ல கண்ணைச் சுருக்கினவன் நான். அவருக்கு அங்கே அந்த நேரத்துல ஓட்டறது அன்னைக்குத்தான் முதல் தடவை. சொல்லியிருக்கலாம்தான். தொணதொணக்க வேண்டாம்னுட்டாரே.

அன்னைக்கு அருமையா ஓட்டினார். எங்க வகுப்புல நாங்கதான் முதல். முதலாளி என் தோளைத் தட்டி, "உங்க மாப்பிள்ளை நம்ம மானத்தைக் காப்பாத்திட்டார், நாலு வருஷம் முன்னாடியே மாத்தியிருக்கணும்"னார். எனக்கு வயிறு எரிஞ்சுது சார். அதை ஒத்துக்கறேன், எனக்கு ஒளிக்கத் தெரியாது.

நாலு நாற்பதுக்கு முதல் வகுப்பு வெள்ளைக் கார் ஒண்ணு அந்த நேர் ரோட்டுல அவருக்குப் பின்னாடி வந்துது. நல்லாவே தெரிஞ்சுது, என் கண்ணு கூர்மைன்னு முதலாளியே சொல்லியிருக்காரே. நான் பட்டனை அழுத்தி, "தண்ணி குடிங்க மாப்பிள்ளை, வெயில் அதிகம்"னேன். "சரி மச்சான்"னார். ரேடியோ வேலை செஞ்சுதான்னு கேட்டீங்க, ரொம்ப நல்லா வேலை செஞ்சுது. அப்புறம் பதினொரு வினாடி. பதிவை நீங்களும் கேட்டிருப்பீங்க, அதுல நான் ஒரு பொய்கூடச் சொல்லலை. விரல் பட்டன் மேலதான் இருந்துது. அழுத்தலை. அவர் ரோடு காலின்னு எடுத்துக்கிட்டு வளைவுக்குள்ள திரும்பினார்.

வெள்ளைக் காரை ஓட்டினவருக்கு இடுப்பு எலும்போட போச்சு. ஆரஞ்சு வாங்கிட்டுப் போய்ப் பார்த்தேன். "உங்க மேல ஒரு தப்பும் இல்லை"ன்னு சொன்னதும் அழுதுட்டார், நல்ல மனுஷன். தங்கை ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா, "அண்ணா, அவர் கடைசியா என்ன சொன்னார்?"னு. "சரி மச்சான்"னு சொன்னாரும்மான்னேன். அதையே சொல்லிச் சொல்லி என் தோள்ல சாஞ்சு அழறா. கடைசி வரைக்கும் என் பேச்சைத் தட்டலையாம்.

அடுத்த மாசப் பந்தயத்துக்கு ஓட்ட ஆள் இல்லைன்னு முதலாளி கேட்டிருக்கார். துக்க வீடு பாருங்க, நான் உடனே தலையாட்டலை, சாயங்காலம் வரைக்கும் பொறுத்தேன். முதுகுக்குப் புது அச்சும் எடுத்தாச்சு, பாந்தமா இருக்கு. அதனாலதான் கேக்கறேன், இங்கே கையெழுத்துப் போட்டா இன்னைக்கே முடிஞ்சுடுமா? முதலாளிகிட்ட ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருக்கேன். ரேடியோவுல நிக்கிறவர் யாரா இருந்தாலும் சரி, ரோடு காலியா இருந்தாலும் காலி, காலின்னு சொல்லிக்கிட்டே இருக்கணும், ஒரு வினாடிகூட வாயை மூடக் கூடாது. பேசாம நிக்கிற மனுஷனை நம்பி எப்படி சார் வண்டி ஓட்டறது?