நாற்பது டன் யார் கேட்டது?

— மேடம், அதுல கை வைக்காதீங்க! இன்னும் இருபது நிமிஷத்துல கமிட்டி முன்னாடி வைக்க வேண்டிய மாடல் அது!

— திருகாணி ஏற்கெனவே கையில வந்தாச்சு, டிசைனர் சார். இந்தாங்க, பிடிங்க. பக்கத்துல ஒட்டியிருக்கிற இந்த ரெண்டு குழாயும் எதுக்கு?

— நிதித்துறை அதிகாரின்னா ஃபைலைத்தான் பிரிப்பாங்கன்னு நினைச்சேன். நீங்க ராக்கெட்டையே பிரிக்கிறீங்க!

— வீட்ல எனக்குப் பேரே 'ஏன்காரி'தான். பணம் கொடுக்கலாமா வேண்டாமான்னு நான் ஒரு வரி எழுதணும். அதைப் பார்த்துத்தான் உள்ளே ஆறு பேரும் கையெழுத்துப் போடுவாங்க. புரியாம எழுத மாட்டேன்.

— இந்தத் தடவையும் இல்லைன்னு எழுதினீங்கன்னா எங்க கடையைச் சாத்த வேண்டியதுதான்.

— அதனாலதான் கேக்கறேன். குழாய் எதுக்கு?

— பூஸ்டர். கிளம்பறப்போ ரெண்டு பக்கமும் நின்னு தோள் கொடுக்கும். நடுக் குழாய் தனியா இருபத்திரெண்டு டன்தான் தூக்கும்.

— போன மாசம் சோதனை மேடைல வெடிச்சதே, அது இதானே?

— வெடிக்கல மேடம். விரிசல் விட்டது.

— மேடையோட கூரை?

— ...பக்கத்து வயலுக்குப் போச்சு.

— ஏன் விரிசல்?

— அஞ்சு துண்டா செஞ்சு இணைக்கிறோம். ஒரு இணைப்புல கசிஞ்சுடுச்சு.

— ஏன் அஞ்சு துண்டு? முழுசா ஒண்ணா செய்யக்கூடாதா?

— தொழிற்சாலை மலைக்கு அந்தப் பக்கம். ரயில்லதான் கொண்டு வரணும். குகைக்குள்ள ஒரு வளைவு இருக்கு. ஒரு துண்டு இதுக்கு மேல நீளமானா அங்கே திரும்பாது.

— அட! ராக்கெட் எப்படி இருக்கணும்னு ரயில் குகையா முடிவு பண்ணுது?

— சிரிக்காதீங்க, அம்மா தாயே! பதினொரு வருஷம். என் தலைமுடி எல்லாம் அந்தக் குகைக்குள்ளதான் கொட்டிச்சு.

— சத்தியமா சிரிக்கல. கேக்கக் கேக்க ஆசையா இருக்கு. சரி, பூஸ்டரே வேண்டாம்னு வச்சுக்குவோம். செலவு?

— பாதிக்குப் பாதி குறையும்.

— கசிவு?

— ஏது? நடுக் குழாய் சமத்துப் பிள்ளை. ஒம்பது சோதனை முடிஞ்சுது, ஒரு தும்மல்கூட இல்லை.

— அப்போ அந்தச் சமத்துப் பிள்ளையை மட்டும் அனுப்புங்களேன்!

— வேண்டியது நாற்பது டன் ஆச்சே.

— ரெண்டு தடவையா அனுப்பறது. கட்டிலைக் கழட்டித்தானே மாடிக்கு ஏத்தறோம்?

— முடியும். மேலே வச்சுப் பூட்டறதும் பெரிய வித்தையில்லை. முதல் வருஷம் நானே அப்படித்தான் வரைஞ்சேன். அப்புறம் கிழிச்சுப் போட்டுட்டேன்.

— ஏன்?

— தேவைப் பட்டியல்ல 'ஒரே தடவையில் தாங்கும் எடை, நாற்பது டன்'னு கொட்டை எழுத்துல இருக்கு. அதை மாத்த நான் யாரு?

— சரி, நாற்பது டன்னுக்கு அப்படி என்ன சாமான் மேலே போகுது?

— அது... ரகசியம்.

— ரகசிய ஃபைலெல்லாம் நானும் பார்க்கிறவதான். சொல்லுங்க.

— உங்ககிட்ட என்ன மறைக்கிறது, எனக்கே தெரியாது மேடம். கேட்டது ராணுவம்னு நாங்க நினைச்சோம். வானிலைக்காரங்கன்னு ராணுவம் நினைச்சுது. வானிலைக்காரங்க எங்களைக் கை காட்டறாங்க. மேலிடத்து விஷயம், ரொம்பத் துருவினா வேலைக்கே வேட்டுன்னு எல்லாரும் வாயை மூடிக்கிட்டோம்.

— உங்க ஆளுங்க போட்ட கணக்குன்னுதான் எங்க துறைல இத்தனை நாளா நினைச்சுக்கிட்டிருக்கோம்!

— நல்ல கதையா இருக்கே! அந்தத் தேவைப் பட்டியலே உங்க துறைலேர்ந்து வந்த தாள்தான். இதோ, பைலயே வச்சிருக்கேன். லேமினேஷன்கூடப் பண்ணிட்டேன். எங்க ஆபீஸ் சுவத்துல இதோட நகல் ஃப்ரேம் போட்டுத் தொங்குது.

— கொடுங்க பார்ப்போம்.

— பன்னெண்டாவது வரிசை. 'கனரக ராக்கெட்.' எதிர்ல 'தாங்கும் எடை' கட்டத்துல நாற்பது. பேனாவால, ஒரே வீச்சு! எழுதினவர் சாதாரண ஆளா இருக்க முடியாது.

— சார்... அதுக்கு மேல் வரிசையைக் கொஞ்சம் படிங்க.

— பதினொண்ணு. 'தொழிற்சாலை வாசலுக்கு லாரி எடை மேடை.' நாற்பது டன். அதுக்கென்ன இப்போ?

— ஒண்ணுமில்லை.

— ஒண்ணுமில்லைன்னா முகம் ஏன் இப்படி வெளிறிப் போச்சு? மணி வேற அடிச்சுட்டாங்க. மேடம், ஒரே ஒரு உதவி. இதை எழுதினவரைக் கண்டுபிடிச்சுக் கொடுங்க. எதைத் தூக்கணும்னு கமிட்டிகிட்ட அவர் ஒரு வார்த்தை சொன்னா போதும், நான் பிழைச்சுப்பேன். ஆள் இன்னும் வேலைலதான் இருக்காரா?

— இருக்காங்க.

— எங்கே? சொல்லுங்க, ஓடிப்போய்க் கூட்டிட்டு வர்றேன்!

— ஓட வேண்டாம் சார். நான்தான் எழுதினேன். வேலைல சேர்ந்த மூணாவது நாள். கட்டம் காலியா இருந்தா ஃபைல் நகராதுன்னாங்க, மேல என்ன இருந்துதோ அதையே பார்த்துக் கீழயும் போட்டுட்டேன்.