பாம்புக்கு உண்ணி

டென்மார்க்கின் ஹோர்சன்ஸில் ரயிலேறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள்.

“வெள்ளிக்கிழமை ஏன் அக்கா கோயிலுக்கு வரேல்லை?” என்றார் இளையவர்.

“மகளின்ர பாம்புக்கு உண்ணி பிடிச்சிட்டுது.”

நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

“வேப்பெண்ணெய் பூசுங்கோவன்.”

“பூசத்தான் போத்திலை எடுத்தனான். மிருக வைத்தியரைக் கேக்காமல் ஒண்டும் பூசக்கூடாதெண்டு மகள் பறிச்சிட்டாள். அவள் பாம்பு வளக்கிற கண்ணாடிப் பெட்டியைக் கழுவிப்போட்டு, பாம்பை இளஞ்சூட்டுத் தண்ணியில விட்டம். அவள் வேலைக்குப் போக, நான்தான் பக்கத்தில இருந்தனான்.”

“பயமில்லையோ?”

“பயம்தான். அதுக்கும் பயம் போல, என்ர கையைச் சுத்திக்கொண்டு கிடந்தது.”

“அண்டைக்கு நாகதம்பிரானுக்குப் பால் வைக்கிற நாளெல்லோ? அவர் கோவிக்கமாட்டாரோ?”

“ஏன் கோவிக்கிறார்? அவற்ற ஆளைத்தானே குளிப்பாட்டிக்கொண்டிருந்தனான்.”