பூனைக்குப் போன கருவாடு

கல்பிட்டி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கைக்காரர், மூடிய கூடையொன்றை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

“எங்கட கருவாட்டு ஸ்டோர்ல ஆகப் பெரிய கஸ்டமர் பூனைதான்.”

காதில் செருகியிருந்த இயர்போனை நான் கழற்றிவிட்டேன்.

“என்ன, நானா, கதைக்கிறீங்க?” என்றார் பக்கத்திலிருந்தவர்.

“கருவாடு காயக் காய நிறை குறையும்தானே? ஸ்டோர் கம்ப்யூட்டருக்கு அது விளங்குதில்ல. குறைஞ்சத யாருக்குக் குடுத்த எண்டு கேக்கும். பேர் அடிக்காட்டி அண்டைய கணக்க மூடவே விடாது. நானும் ஒவ்வொரு நாளும் ‘பூனை’ எண்டு அடிச்சிட்டு வீட்ட போயிருவேன்.”

“சரி, அதால என்ன?”

“போன மாசம் அத கொழும்பு ஆபீஸ் கம்ப்யூட்டரோட இணைச்சாங்க. அது பூனையையும் வியாபாரி எண்டு எடுத்துட்டுது. வார மாசம் பூனைக்கு ரெண்டு மடங்கு அனுப்போணும் எண்டு திட்டமும் போட்டிருக்கு.”

“யா அல்லாஹ்! உண்மையச் சொல்லுங்களன்.”

“சொன்னா வேலை போயிரும். அந்தப் பூனை முதலாளிய நேர்ல பாக்கோணும் எண்டு மெனேஜர் இண்டைக்கு வாரார்.”

“அப்ப யாரக் காட்டப்போறீங்க?”

கூடைக்குள்ளிருந்து “மியாவ்” என்று பதில் வந்தது.