ஓரத்து வட்டம்

— இந்திராணி அக்கா, என் சார்ட்டுல நீல மையில கோடு போட்டது யாரு?

— என்னைய ஏன் கேக்குற, சுதர்சினி? ஒங்க வாசல் இஸ்தோப்புச் செவுத்துல மாட்டியிருந்துச்சு. நாலு பேரு வருவாங்க, போவாங்க.

— இந்த லயத்து வீட்டு வரிசையில கேக்காம உள்ள வந்து பாக்குற ஆளு நீங்க மட்டும்தான்.

— அனே, அப்பிடிச் சொல்லாத. ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. கேம்பஸுக்கு அனுப்பிப் படிக்க வச்சா, லயத்துல யாரு யாரோட பொழங்குறாங்கன்னு படமா போட்டு மாட்டுவ?

— என்னது?

— நடுவுல குண்டா ஒரு வட்டம், சுத்திவர கோடு. மயில்வாகனம் மாமா வீடுன்னு சின்னப்புள்ளகூடச் சொல்லும்.

— ஐயோ, அது புரதம்க்கா! ஈஸ்ட்டுல இருக்குற புரதம். பேக்கரியில பாண் பொங்க வைக்கிறாங்களே, அந்த ஈஸ்ட்டு.

— பாணுக்குள்ள மயில்வாகனம் மாமாவுக்கு என்னா வேல?

— கேளுங்க. ஒவ்வொரு வட்டமும் ஒரு புரதம். ரெண்டு ஒண்ணா ஒட்டி வேல செஞ்சா ஒரு கோடு. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தி உண்டானதுகளுக்கு கோடு நெறைய, அதுக நடுவுல. பிந்தி உண்டானதுக ஓரத்துல. ஒரே காலத்துல வந்ததுக தங்களுக்குள்ளதான் கூடுதலா சேரும்.

— அதத்தானே நானும் சொல்றேன்! கங்காணி காலத்துல தோட்ட வேலைக்கு ஒண்ணா கப்பல்ல வந்த ஆறு குடும்பமும் தங்களுக்குள்ளதான் வெத்தல வச்சுக் கூப்பிடும். வேலுசாமி மக கல்யாணத்துக்கு ஒங்க வீடு வரைக்கும் வெத்தல வந்துச்சு. என் வாசல் கண்ணுக்குத் தெரியல. யட்டியாந்தோட்டையில இருந்து கட்டிக்கிட்டு வந்து ஒம்பது வருஷம், இன்னமும் நான் புதுசா வந்தவ.

— புரதக் கணக்குல ஒம்பது வருஷம் ஒண்ணுமே இல்லக்கா.

— மயில்வாகனம் மாமா கணக்குலயும் அப்பிடித்தான்.

— சரி, அதுக்காக? நாளைக்கு கேம்பஸ்ல இத விரிச்சு வச்சுப் பேசணும்! இந்த ஓரத்து வட்டம் எல்லாத்துலயும் புதுசு, எதோடயும் ஒட்டல. அதுதான் என் ஆராய்ச்சியே. இப்ப அதுக்கு ஆறு கோடு!

— ஒத்தையா நின்னுச்சு. பாத்ததும் தெரிஞ்சுருச்சு, என் வீடுன்னு.

— ஒடனே பேனாவ எடுத்துட்டீங்க?

— கோடு இல்லாததுக என்னா ஆகும்னு ஒங்கம்மாகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தியே, செவுத்து வழியா கேட்டுச்சு.

— பெரும்பாலும் இல்லாமப் போயிரும்னு சொன்னேன்.

— ம்.

— அக்கா... அது புரதத்துக்கு. அதுக்காகப் பொய்யா ஆறு கோடு போடலாமா?

— யாரு பொய்யா போட்டது? தட்டுல வெத்தல பாக்கு வச்சு ஆறு வீட்டுக்கும் நானே போனேன். ஒவ்வொரு வீட்டுலயும் உக்காந்து தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து ஒவ்வொரு கோடா போட்டேன். ஒங்கம்மா ஊத்துனது சீனி பத்தல.

— வெத்தல வச்சீங்களா? ஒங்க வீட்டுல விசேஷம் ஒண்ணும் இல்லையே!

— ஏன் இல்ல? நம்ம லயத்துப் படம் பாக்குற விசேஷம். அந்தா, எல்லாரும் வர்றாங்க பாரு.

— கடவுளே! மயில்வாகனம் மாமா கையில என்னா அது, பேனாவா?

— ஆமா. என் பக்கத்துல இருந்து போட்ட கோடு செல்லாதாம். அவரு வட்டத்துல இருந்து அவரே போட்டுத் தரணுமாம்.